பக்கத்து இருக்கை

ஆசீர்தான் எனக்கு இதை முதலில் சொன்னது, போன வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை நடந்த வாரம், மஸ்கட்டிலிருந்து போனில். மூத்தவன் என்னிடம் சொன்னது உமக்குத் தெரியாதா ஆண்டவரே, ஆனாலும் முழங்காலில் நின்றால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு வார்த்தை வருகிறது. "யம்மா, தங்கச்சி ஓட்டுதது நீ நினைக்க மாதிரி பெரிய பிளேன் இல்ல. குட்டி விமானம். ரெண்டே சீட்டு. ஒண்ணுல அவ, பக்கத்துல வாத்தியார். நம்ம தெரு ஆட்டோவுக்கு றெக்கை வச்ச மாதிரி இருக்கும்" என்றான். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். சிரித்து, போனை வைத்துவிட்டு, அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுவரைக்கும் என் மனதில் பறந்துகொண்டிருந்த விமானம் வேறு. அவனை வழியனுப்பத் திருவனந்தபுரம் போனபோது கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேனே, நம் கோயிலைப் படுக்கப் போட்டதுபோல் அத்தனை பெரிதாக ஒன்று, அதன் மூக்கில்தான் என் மகள் எப்சியை உட்கார வைத்திருந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் ஊர்ச்சனம் முழுக்க இடுப்பில் வார் மாட்டிக்கொண்டு இருக்கும். அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ என்றதும் ஜெபம் சுருங்கிப்போயிற்று. ஏறும்போதும் இறங்கும்போதும் அவள் பக்கத்தில் இரும். அவ்வளவுதான். எட்டாவது வரை படித்தவளுக்கு அதற்குமேல் ஜோடித்துச் சொல்லத் தெரியவில்லை. சொன்னதோடு விட்டேனா, அந்த ஒரு வரியை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். விமானத்தைத் தரையில் இறக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்ளட்டி, வேறெதுவும் நினைக்காதே என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போது கோயிலில் ஐயர், எங்கள் சபைப் போதகர், பொது ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். பாய் ஓரம் முழங்காலை அறுக்கிறது. எனக்கு முன்னால் பொன்மலர் அக்கா முழங்காலிட்டிருக்கிறாள், அவள் கழுத்துப் பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. நோயாளிகளுக்காக என்கிறார் ஐயர். முதலில் நோயாளிகள், பிறகு விதவைகள், பிறகு வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், அதற்குப் பிறகு படிக்கிற பிள்ளைகள். படிக்கிற பிள்ளைகள் வரும்போது அவள் பேர் வரும். வரக்கூடாது. வந்தால் நான் என்ன செய்வேன் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

பேரைக் கொடுத்தது நான்தான். அவள் பிளஸ் டூ முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தில் விமானப் படிப்பில் இடம் கிடைத்த புதிதில், மாதர் சங்கக் கூட்டத்தில் ஐயரம்மா படிக்கிற பிள்ளைகள் பேரெல்லாம் சொல்லுங்க என்றாள். எல்லோரும் சொன்னார்கள், நர்சிங், பாலிடெக்னிக், பி.எட். என் முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னேன், பைலட் படிப்பு என்று. தாழ்த்தினால் எல்லோரும் காதைத் தீட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாமலா தாழ்த்தினேன்? அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் மற்றப் பிள்ளைகளையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி நர்சிங் பயிலும் பிள்ளைகள், பாலிடெக்னிக் பயிலும் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, 'ஆகாய விமானியாகப் பயிற்சி பெறும் எங்கள் சபையின் மகள் எப்சிபா' என்றார். தனியாக, பேரோடு. எங்கள் மகள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அது உம்மைத் துதிக்கிற புல்லரிப்பு என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவள் அந்த முதல் வருஷம் விமானத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, வகுப்பில் உட்கார்ந்து மேகத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தாள். ஆனால் சபைக்கு அவள் அன்றைக்கே பறந்துவிட்டாள். "நேத்து மத்தியானம் எங்க வீட்டுக்கு மேல ஒரு விமானம் போச்சே, நம்ம எப்சிதான?" என்பார்கள் வாசலில். பொன்மலர் அக்கா வீட்டுக்காரர், "மொட்டைமாடில நின்னு துண்டை வீசுனேன், உம்ம மக திரும்பிக்கூடப் பாக்கலையே, இப்பவே இவ்வளவு பெருமையா?" என்று கேட்டார். இல்லை அண்ணே, அவள் இன்னும் புத்தகம்தான் படிக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன். விதவைகளுக்காக என்கிறார் ஐயர். விசிறி இந்தப் பக்கம் திரும்புகிறது, போகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக. அதில் ஆசீர் பேர் இல்லை. அவன்தான் வேண்டாம் என்றான். அவன் சர்க்கார் பரீட்சைக்குப் படித்த காலத்தில் இந்த ஐயருக்கு முந்தின ஐயர் ஞாயிறுதோறும் அவன் பேரை வாசிப்பார், வாசலில் ஆள் மாற்றி ஆள் ரிசல்ட் வந்துச்சா தம்பி என்பார்கள். முதலில் பக்க வாசல் வழியாக வர ஆரம்பித்தான். பிறகு மாலை ஆராதனைக்கு மட்டும். பிறகு தலைவலி. மஸ்கட் போகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னான், "போய்ச் சேந்துட்டேன்னு மட்டும் கோயில்ல சொல்லும்மா. மத்தது ஒண்ணும் சொல்லாத." உம்மேல் அவனுக்குக் கோபம் என்று எண்ணி அந்த ராத்திரி எவ்வளவு அழுதேன். உம்மேல் கோபமே இல்லை அவனுக்கு. அது புரிய எனக்கு இரண்டாவது பிள்ளையும் வீடு திரும்பி வர வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தகவலும் இல்லாமல் வந்து நின்றாள், பையோடு. இவர்கள், பிள்ளைகளுடைய அப்பா, பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "லீவா?" என்றார்கள். "ஆமாப்பா" என்றாள். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. ஆயுசுக்கும் அரசு பஸ் ஓட்டினவர்கள், ஏறுகிறவன் முகத்தைப் பார்த்து டிக்கெட் எங்கே என்று கேட்கிற வழக்கம் கிடையாது, அது கண்டக்டர் வேலை என்பார்கள். கண்டக்டர் வேலையை நான் செய்தேன். சாப்பிடும்போது கேட்டேன், படுக்கும்போது கேட்டேன், உடம்புக்கு ஏதுமா, யாரும் ஏதும் சொன்னாங்களா, வேற எதுவுமா என்று இழுத்தேன். "வேற எதுவும்னா? லவ்வா? அதுக்கு எங்கம்மா நேரம். காலைல இருட்டோட எந்திச்சு விமானத்தைத் துடைக்கணும்" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நேற்றுத்தான் பேசினாள். மாடியில் அவள் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புப் பட்டை மாட்டுகிறதற்கு வார் வைத்துத் தைத்தது, அதன் கழுத்தில் அழுக்கு. தேய்த்து வாளியில் முக்கினேன். கைப்பிடிச்சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அதை நனைச்சுட்டியேம்மா" என்றாள். "அழுக்கா இருந்துச்சுட்டி." "சும்மா சொன்னேன். என் பேட்ச்ல எல்லாரு சட்டையும் நனைஞ்சுட்டு. என்னுதுதான் பாக்கி. கடைசில முதல்ல நனைச்சது நீதான்." எனக்கு விளங்கவில்லை. அப்புறம் சொன்னாள். ஒரு நாள் வாத்தியார் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்வாராம், கதவைத் திறந்து தான் மட்டும் இறங்கிக்கொள்வாராம், போ, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கு என்பாராம். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை முதல் முறையாகத் தனியாகப் பறக்கிறது. பறந்து இறங்கி வந்தால் மற்றப் பிள்ளைகளெல்லாம் வாளியும் குடமுமாக நின்று தலையோடு காலாகத் தண்ணீர் ஊற்றுவார்களாம். அது அங்கே வழக்கம். "ஞானஸ்நானம் மாதிரியா?" என்றேன். "ஆமா, ஐயர் இல்லாம" என்றாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பையன்கூட நனைந்துவிட்டானாம். அவன் நனைந்த அன்று இவளும் ஒரு வாளி தூக்கி ஊற்றியிருக்கிறாள். அந்த வாளியை எப்படித் தூக்கினாளோ.

"ஏன் உன்னை மட்டும் விட மாட்டேங்காரு?" என்று கேட்டேன். ஏற்றுவதும் திருப்புவதும் நேராகக் கொண்டுபோவதும் நன்றாகத்தான் செய்கிறாளாம். இறக்கும்போதுதான். "இறக்கும்போது ஓடுபாதையோட அந்தக் கடைசி முனையைப் பாக்கணும்மா. கிட்டத்துல பாத்தா தரை நம்மள நோக்கி ஓடி வார மாதிரி இருக்கும். பயந்து சீக்கிரமா மூக்கைத் தூக்கிருவோம். அப்ப அது அந்தரத்துல மிதந்துட்டுத் தொப்புனு விழும். நான் ஒவ்வொரு தடவையும் சீக்கிரமே தூக்குதேன்." "நீ எங்கட்டி பாக்க?" என்றேன். கொடிக்கயிற்றில் கிடந்த கிளிப்பை எடுத்துத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, "நம்ம கோயில் வாசல்ல நிக்கிறவங்களைப் பாக்கேன்" என்றாள். சட்டை என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அந்த மைக் கதையைச் சொன்னாள். காதில் மாட்டுகிற கருவியில் வாய்க்குப் பக்கத்தில் சின்ன மைக் இருக்குமாம், எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதற்கு. உதடு முணுமுணுத்தால்கூட வாத்தியார் காதில் விழுமாம். நான் சொல்லிக்கொடுத்த வரியை இவள் முணுமுணுத்திருக்கிறாள். வாத்தியார் வடக்கே உள்ளவர், தமிழ் தெரியாது. யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாராம். ஜெபம் பண்ணுகிறேன் சார். என்னவென்று? பக்கத்தில் இரும் என்று. "நான்தான் பக்கத்துல இருக்கேனேன்னு சொன்னாரும்மா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். "சிரிச்சுட்டு, அடுத்த தடவை இறக்கினப்ப திரும்பவும் சொல்லிட்டேன். கண்ட்ரோல் கோபுரத்துலேருந்து காத்து மாறிட்டுன்னு ரேடியோவுல சொன்னது எனக்குக் கேக்கலை. ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்ல. அவருதான் கையை வச்சு விமானத்தைத் தூக்கினாரு. கீழ வந்து நிறுத்துன பெறகு கேட்டாரு, நான் இறங்கிப் போற அன்னைக்கு இந்த சீட்டு காலியா இருக்கும், அப்ப நீ யாரைப் பக்கத்துல இருக்கச் சொல்லுவன்னு." நான் உடனே சொன்னேன், "ஆண்டவரைத்தான்." வேறு என்ன சொல்வேன்? அவள் கிளிப்பைக் கயிற்றில் மாட்டினாள். "ஆண்டவர் வரட்டும்மா. அவருக்கு எடை கிடையாது. நம்ம சபைக்குத்தான் எடை. ரெண்டு பேர் ஏறுத விமானம்மா அது. பெட்ரோலையே எடை போட்டுத்தான் ஊத்துதோம். அதுல ஐயரு, ஐயரம்மா, பொன்மலர் பெரியம்மா, துண்டை வீசுத பெரியப்பான்னு எல்லாரையும் ஏத்திட்டு நான் எப்படி எழும்புவேன்? எப்படி இறங்குவேன்?"

சின்னப் பிள்ளையாய் இருந்தபோதும் இப்படித்தான் வேடிக்கையாகத்தான் அழுவாள். அதற்குமேல் வேடிக்கை இல்லை. திங்கட்கிழமை தலைமை வாத்தியார் கூட உட்கார்ந்து பார்ப்பாராம், அதில் சரியாக இறக்கினால் தனியாக விடுவார்கள், இல்லாவிட்டால் பறக்காத வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள், பட்டம் கிடைக்கும், விமானம் கிடையாது. அதற்குப் போகவா வேண்டாமா என்று தெரியாமல்தான் கிளம்பி வந்திருக்கிறாள். "கோயில்ல என் பேரை நிப்பாட்டச் சொல்லும்மா" என்றாள். "நீயே ஐயர்ட்ட சொல்லணும். சொல்லிட்டு வந்தேன்னா சாயங்காலம் பஸ் ஏறுதேன். சொல்லலைன்னா ஏறலை. உன்னைக் கோவிக்க மாட்டேன். அங்கயே போயி உக்காந்து பட்டத்தை வாங்கிட்டு வந்துருதேன்." ஜெபத்தை நிறுத்தச் சொல்வதா? யாராவது கேட்டதுண்டா? கடனை நிறுத்தலாம், சண்டையை நிறுத்தலாம், ஜெபத்தை நிறுத்து என்று ஒரு தாய் போய்ச் சபையில் சொல்வாளா? இவர்களிடம் போய்ச் சொன்னேன். பேப்பரை மடித்துவிட்டு, "எம் பஸ்ல நின்னுட்டும் உக்காந்துட்டும் எத்தனை சனம் வந்துச்சு. ஒருத்தனும் எனக்காக ஜெபிச்சதில்ல. எல்லாவனும் தூங்கிட்டுத்தான் வந்தான். நல்லாத்தான் ஓட்டுனேன்" என்றார்கள். "நான் ஜெபிச்சேனே" என்றேன். "நீ ஜெபிச்சது எனக்குத் தெரியாதுல்லா" என்றார்கள். தெரியாதுதான். அவர்கள் வண்டி எடுத்துப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, நீரும் நானும்தான். அந்த ஜெபத்தைப் போய் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லி மதிப்பு வருகிற வேலையா அது. மகள் வேலைக்கு மட்டும் எப்படி அத்தனை பேர் வேண்டியிருந்தது எனக்கு?

படிக்கும் பிள்ளைகளுக்காக என்று ஆரம்பித்துவிட்டார் ஐயர். இன்னும் பேர் வரவில்லை, நர்சிங் பிள்ளைகள். ஆண்டவரே, இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஐயரிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் அவள் பஸ் ஏற மாட்டாள். ஏறாவிட்டால் பறக்க மாட்டாள். பறக்காவிட்டால் விழ மாட்டாள். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, ஜெபிக்காதே என்று சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம், பக்திதானே, யார் என்ன கேட்பார்கள்? தூத்துக்குடி விமான நிலையத்தில் ஒரு மேசை வேலை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பாள். கண்ணுக்கு முன்னால் இருப்பாள், தரையில். நினைக்கவே இடுப்பு வலி விட்டதுபோல் இருக்கிறது. அப்படியானால் இத்தனை ஞாயிறும் நான் எதற்காக ஆமென் சொன்னேன்? அவளைப் பறக்க வையும் என்று வாய் சொன்னபோது உள்ளே ஒருத்தி உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. பக்கத்தில் இரும், பக்கத்தில் இரும் என்று நான் கெஞ்சினதெல்லாம் உம்மை இல்லையோ. நான் உட்கார இடம் கேட்டிருக்கிறேன். ஆட்டோவில் போகும்போது டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்வார்களே, அதுபோல. அந்தப் பையன் நனைந்த அன்று வாளி தூக்கினாளே, ஈரத்தரையில் அவளுடைய காய்ந்த சட்டை மட்டும் தனியாகத் தெரிந்திருக்குமே. பாலிடெக்னிக் பிள்ளைகள் என்கிறார். நிறுத்துகிறார். எனக்கு இந்த நிறுத்தம் தெரியும். முன்னெல்லாம் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், கல்யாண வீட்டில் நம் வீட்டுச் சீர்வரிசையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வருகிற நேரம் போல. 'தனியாகப் பறக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் எங்கள் சபையின் மகள் எப்சிபாவை' என்கிறார், தனியாகப் பறக்கும் நாள் இவருக்கு எப்படித் தெரியும், நான்தான் சொல்லியிருப்பேன், போன மாதமே அவள் போனில் சொன்னதை வைத்துச் சொல்லியிருப்பேன், சீக்கிரம் நடக்கும் ஐயர் என்று, 'உம்முடைய சிறகுகளில் தாங்கும், சபையின் கண்கள் எல்லாம் அவள்மேல் இருக்கின்றன ஆண்டவரே' என்கிறார். கண்கள் எல்லாம். நல்ல மனுஷன், மனதாரத்தான் சொல்கிறார். ஆமென் என்கிறது சபை. பொன்மலர் அக்கா ஆமென் எப்போதும் மற்றவர்களைவிட ஒரு எட்டு பிந்தி, தனியாகக் கேட்கும். என் வாய் திறக்கவில்லை. அடைத்துக்கொண்டதா, நான் மூடினேனா, தெரியவில்லை. நான் சொல்லாததால் ஒன்றும் குறையவில்லை, சத்தம் அதே சத்தம்தான்.

காணிக்கைப் பை வந்தது, போயிற்று. பாட்டு எழும்பியது, நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பக்கத்துப் பிள்ளை திருப்பிக் கொடுத்தது. ஆசீர்வாதம் சொல்லிவிட்டு ஐயர் வாசலுக்குப் போய்விட்டார், எல்லோருக்கும் கை கொடுக்க. வரிசையில் நிற்கிறேன். முன்னால் போகிறவர்கள் தோத்திரம் தோத்திரம் என்று நகர்கிறார்கள், பெண்கள் செருப்புத் தேடுகிறார்கள், யாரோ ஒரு குழந்தை செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு அழுகிறது. இந்த வரிசையில் நின்று அத்தனை பேருக்கும் எப்படி இருக்கா எப்சி என்பதற்குப் பதில் சொல்வதற்காகவே சில ஞாயிறு நான் மெதுவாக வெளியே வந்திருக்கிறேன். இன்று பக்க வாசலைப் பார்க்கிறேன். ஆசீர் இந்தப் பக்கமாகத்தான் போவான். "தோத்திரம் ஐயர்." "தோத்திரம்மா. எப்சி வந்திருக்காளாமே, கோயிலுக்கு வரலையா?" "இல்ல ஐயர்." கையை விட்டுவிட்டார், அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்புகிறார். இதோடு போய்விடலாம். கால் போகவில்லை. "ஐயர், ஒரு காரியம். அடுத்த வாரத்திலேருந்து பொது ஜெபத்துல அவ பேர் வேண்டாம்." "ஏன்மா, முடிச்சுட்டாளா?" "முடிக்கலை." "விட்டுட்டாளா?" "விடலை. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போறா." ஐயருக்குக் குழப்பம். "அப்ப இப்பத்தானம்மா ஜெபம் வேணும்?" என்றார். சரிதானே அவர் கேட்டது? பின்னால் நின்ற பொன்மலர் அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏ கனகம், கோயில் வாசல்ல நின்னு என்ன பேச்சுப் பேசுத? ஜெபம் வேண்டாம்னு எவளாவது சொல்லுவாளா? பிள்ளைக்கு எதும் ஆயிட்டா?" "ஒண்ணும் ஆகலைக்கா." "எங்க மேல எதும் வருத்தமா? நான் கடைசியா சொன்ன ஆமென் சரியில்லையா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், கண் கலங்கியிருந்தது. இவள் எத்தனை நாள் உபவாசம் இருந்திருக்கிறாள் என் பிள்ளைகளுக்காக. ஆசீருக்குக் காமாலை வந்தபோது என்னோடு ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக்கிடந்தவள். "உன் மேல வருத்தம் வருமாக்கா எனக்கு" என்றேன். ஐயர் பக்கம் திரும்பி, "கொஞ்ச நாள் அவ யாருமில்லாம போயிட்டு வரட்டும் ஐயர்" என்றேன். "யாருமில்லாமயா?" "ஆமா ஐயர்." அவர் என் முகத்தைப் பார்த்தார். விளங்கியதா விளங்கவில்லையா, சரிம்மா என்றார். படியிறங்கும்போது பின்னால் பேச்சு ஆரம்பித்துவிட்டது, எனக்குக் கேட்காது என்று நினைத்துத் தாழ்த்தினார்கள். சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் எப்சி படிப்பை விட்டுவிட்டாள், இல்லை, யாரோ ஒருத்தனோடு, இல்லை, தாயும் மகளும் வேறு சபைக்குப் போகப்போகிறார்கள் என்று என்னவெல்லாமோ ஆகியிருக்கும். போகட்டும். போகட்டும் என்று சொல்ல வருகிறதே தவிர நெஞ்சு போகட்டும் என்று சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே இவர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்." பெல்லை ஒரு தட்டுத் தட்டினார்கள், சும்மா. "வா, கறி எடுத்துட்டுப் போவோம். பஸ்ஸுக்கு முன்னால பிள்ளை சாப்பிட்டுப் போகட்டும்" என்றார்கள். வெயிலில் அவர்கள் தள்ளிக்கொண்டு முன்னால் போக நான் பின்னால் நடக்கிறேன். கடைக்காரனிடம் எலும்பு கம்மியாப் போடச் சொல்ல வேண்டும், அவளுக்கு ஈரல் பிடிக்கும், பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு ஈரல் கொடுக்கலாமா தெரியவில்லை. ஆசீருக்கு ஒரு போன் பண்ண வேண்டும். பண்ணி என்ன சொல்ல, உன் காலத்திலேயே எனக்கு விளங்கியிருக்கக் கூடாதா என்றா, அவன் விடும்மா என்பான், எதற்கெடுத்தாலும் விடும்மாதான். விட்டுத்தான் இருக்கிறான் என்னை. இவளும் அப்படி விட்டுவிடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேனா, பிந்திவிட்டேனா, திங்கட்கிழமை அவள் அந்தக் கடைசி முனையைப் பார்ப்பாளா, தரையைப் பார்ப்பாளா, நன்றாக இறக்கினாலும் என்னால் இல்லை, தொப்பென்று போட்டாலும் என்னால்தானோ என்று நான் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். சபையில் சொல்லி நிறுத்திவிட்டேன், அது கஷ்டமாய் இருந்தாலும் வாயால் சொல்கிற காரியம். என்னை எங்கே போய் நிறுத்தச் சொல்வேன்? அவள் வயிற்றில் இருந்தபோதே, பேர் வைக்காதபோதே ஆரம்பித்தது. எழுந்தவுடன் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் நாக்கு தானாகச் சொல்கிறது, முதலில் ஆசீர், அப்புறம் எப்சி, அதற்கப்புறம்தான் எனக்கே நான் யார் என்று ஞாபகம் வருகிறது. இவர்கள் திரும்பிப் பார்த்து, "என்ன, முணுமுணுத்துட்டே வார?" என்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறேன். உம்மிடம்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன் ஆண்டவரே, பெரிதாக ஒன்றுமில்லை. நாளைக் காலையில் தூக்கக் கலக்கத்தில் நான் மறந்துபோய் அவள் பேரை எடுத்தால், கேட்காத மாதிரி இரும்.